நான்காவது ஓசோன் நாள்

அலுவலகத்தில் அவளுக்குப் புலி என்று பெயர். வேட்டைக்குப் போகிற புலி இல்லை. 'புலி வருது, புலி வருது' என்று கத்திக் கத்தி, கடைசியில் யாரும் நம்பாமல் போனார்களே, அந்தக் கதையிலிருந்து இறங்கி வந்த புலி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் டீ வரும்போது "புலிக்குச் சர்க்கரை கம்மி" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்கும். அவளும் காதில் விழாத மாதிரி கோப்பையை வாங்கிக்கொள்வாள்.

நகரத்தின் காற்றுத்தர அலுவலகத்தில் அவள் கணிப்பாளர். தினமும் மதியம் மூன்று மணிக்குள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நாளைக்கு ஓசோன் எல்லை தாண்டுமா, தாண்டாதா?

ஓசோன் என்றதும் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த குடைதான் ஞாபகம் வரும். வானத்து உயரத்தில் இருக்கிற வரைக்கும் அது குடைதான். மூக்கு மட்டத்துக்கு இறங்கினால் நெஞ்சை எரிக்கும். அதை யாரும் குழாய் வைத்து வெளியே விடுவதில்லை. வண்டிப் புகை, பெட்ரோல் ஆவி, பெயிண்டில் கலக்கிற தின்னர் ஆவி எல்லாம் காற்றில் சேர, வெயில் அதைச் சமைத்து எடுக்கிறது. அதனால் காலையில் இருக்காது, மழையில் இருக்காது, நல்ல காற்றடித்தால் கலைந்து போகும். வெயில் கொளுத்தி, காற்று அசையாமல் நின்றுவிட்டால் மதியத்துக்குமேல் ஏணி வைத்து ஏறும்.

அவள் 'தாண்டும்' என்று சொன்னால் மறுநாள் நகரம் பாதிக் கை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறைகள் பகலில் மூடும். பெட்ரோல் பங்குகளில் லாரியிலிருந்து எண்ணெய் இறக்குவது பொழுது சாய்ந்த பிறகுதான். ரோட்டுக்குத் தார் போடக் கூடாது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை மைதானத்தில் விடக் கூடாது. அந்தக் கோடையில் இரண்டு தடவை அவள் அப்படி அறிவித்தாள். இரண்டு தடவையும் ஓசோன் எல்லைக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. எல்லோரும் கை கட்டியதால் நின்றதா, மதியம் எங்கிருந்தோ வந்த மேகத்தால் நின்றதா என்று யாரால் சொல்ல முடியும்? கடையை மூடியவனுக்கு அந்த ஆராய்ச்சி எதற்கு? அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், புலி வரவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அவள் 'தாண்டாது' என்று சொன்ன நாட்கள் மூன்றில் புலி சொல்லாமல் கொள்ளாமல் வந்து போயிருந்தது. விதிப்படி ஒரு பருவத்துக்கு மூன்று நாள் வரை மன்னிப்பு உண்டு. நான்காவது நாள் தாண்டினால் நகரம் தவறிய நகரங்களின் பட்டியலில் போய் உட்காரும். பிறகு புதுத் தொழிற்சாலைக்கு அனுமதி கிடைக்காது, புதுச் சாலைக்கு மேலிடத்துப் பணம் நின்றுபோகும். கோடை முடிய இன்னும் கொஞ்ச நாளே பாக்கி. அவளுடைய அதிகாரி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசையெல்லாம் கண்ணாடி தேடுகிற அம்மாள், இப்போது கண்ணாடியை மறந்துவிட்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அவளுக்கு நல்ல பேர் இல்லை. கணவர் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆறு பள்ளிகள் சேர்ந்து நடத்தும் ஓட்டப் பந்தயங்களுக்கு அவர்தான் பொறுப்பு. அவள் அறிவித்த இரண்டு எச்சரிக்கையும் சொல்லி வைத்த மாதிரி பந்தய நாளிலேயே விழுந்தன. இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாவது தேதி வியாழக்கிழமை. இதுவும் போனால் இந்த வருஷம் பந்தயமே இல்லை என்று தலைமை ஆசிரியர் கையை விரித்துவிட்டார். அந்தப் பந்தயத்தில் மூவாயிரம் மீட்டர் ஓடப் பெயர் கொடுத்திருந்தவர்களில் ஒருத்தி அவர்களுடைய மகள்.

மகள் பத்து நாளாக அம்மாவிடம் அளந்துதான் பேசினாள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றால் "ஒண்ணுமில்ல, ஓசோன்."

புதன்கிழமை மத்தியானம் கணினித் திரையில் இரண்டு வானிலைக் கணக்குகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. நாளைக் காலை நேரத்தோடு தென்காற்று வந்து நகரத்தைக் கூட்டித் துடைத்துவிடும் என்றது ஒன்று. காற்று சாயங்காலம்தான் வரும் என்றது மற்றது. முதல் கணக்குப்படி பார்த்தால் ஓசோனின் எட்டு மணி நேரச் சராசரி, நூறு கோடிப் பங்கு காற்றில் எழுபது பங்கு என்ற எல்லைக்குக் கீழே நிற்கும். இரண்டாவதன்படி தாண்டும். போன வாரம் முழுக்க முதல் கணக்குத்தான் சரியாக வந்தது. அதுவே அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது. ஒரே குதிரை எத்தனை நாளைக்குத்தான் ஜெயிக்கும்?

அதிகாரியிடம் போய் நின்றாள்.

"ரெண்டுங்கெட்டானா இருக்கு மேடம்."

"அப்படின்னா?"

"வரலாம், வராமலும் இருக்கலாம்."

"இதைச் சொல்ல வானிலை படிக்கணுமா? என் வீட்டு வேலைக்காரம்மா சொல்லுவாங்க." சொன்ன பிறகு அதிகாரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாருங்க. மறுபடியும் கடையை மூடச் சொல்லி, மறுபடியும் ஒண்ணும் ஆகலன்னா அடுத்த வருஷம் எவனும் நம்ம பேச்சுக்கு ஷட்டர் இறக்க மாட்டான். அதுக்காக நான் உங்க கையப் பிடிக்கல. முடிவு உங்களோடது."

மூன்று அடிக்கும் முன் அவள் 'தாண்டாது' என்று பதிவு செய்தாள். அப்போது மகளை நினைத்தாளா என்றால் நினைத்தாள்தான். மூவாயிரம் மீட்டரை நினைத்தாள், அளந்து பேசிய பத்து நாளை நினைத்தாள். அந்த நினைப்பு தராசில் எந்தப் பக்கம் எவ்வளவு எடை வைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பதிவு செய்த கையை மேசையடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மகள் வாசலிலேயே கட்டிக்கொண்டாள். மாஸ்டர் விசில் கயிற்றைக் கழுவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். மாமனார் பால்கனியிலிருந்து வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கண்ணாடி வழியாக வானத்தைப் பார்த்த அனுபவத்தில் தினமும் வானிலை சொல்வார். அவர் மழை வரும் என்றால் தைரியமாகத் துணி காயப் போடலாம் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"நாளைக்குக் காத்து பிச்சுக்கிட்டுப் போகும், பாரும்மா" என்றார் மாமனார்.

அதைக் கேட்டதும் அவள் பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்த்தாள்.

விடியும்போதே விழிப்புத் தட்டிவிட்டது. பால்கனிக்குப் போனாள். கொடியில் தொங்கின விசில் கயிறு சுவரில் அடித்த ஆணி மாதிரி அசையாமல் இருந்தது. எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் வானம் வெளுக்காமல் பழுப்பாக இருந்தது. நேற்றைய அழுக்கு எங்கேயும் போகாமல் அப்படியே மூடி போட்டுக்கொண்டு நின்றது. மடிக்கணினியைத் திறந்தாள். தென்காற்றை முந்தின நாள் அத்தனை உறுதியாகக் கொண்டுவந்த அதே கணக்கு, இப்போது அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிப் போன மாப்பிள்ளை மாதிரி.

உள்ளே போய்க் கணவரின் தோளைத் தொட்டாள். "என்னங்க, எழுந்திருங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். கேட்டார். பிறகு, "நேத்து மூணு மணிக்குத் தெரியாதது இப்ப எப்படித் தெரியுது?" என்றார்.

"நேத்துச் சந்தேகமா இருந்துச்சு. இன்னைக்கு இல்ல."

"சந்தேகம்னா எச்சரிக்கை குடுத்திருக்கலாமில்ல?"

"குடுத்திருந்தா நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்களா?"

"நான் சந்தோஷப்படுறதா முக்கியம்?" என்று குரலை உயர்த்தினவர், கதவருகில் மகள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மகள் அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "நேத்து எனக்காகத்தான் இல்லன்னு சொன்னியா?"

சட்டென்று இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையும் நம்பியிருப்பாள். "கொஞ்சம் இருக்கலாம்" என்றாள் அவள். "எவ்வளவுன்னு எனக்கே தெரியலடி."

"நான் ஒண்ணும் அப்படிச் செய்யச் சொல்லலயே."

"சொல்லல."

மாஸ்டர் அதற்குள் சட்டைக்குள் கையை நுழைத்திருந்தார். கோபம் ஆறவில்லை, ஆனால் அவர் மைதானத்து ஆள். பந்து வந்துவிட்டால் யார் தப்பு என்று நின்று பார்க்கிறவர் இல்லை. "எத்தனை மணிக்கு மோசமாகும்?"

"பதினோரு மணிக்கு மேல."

"காலையில?"

"காலையில ஒண்ணும் இல்ல. சாதாரணக் காத்துதான்."

"அப்ப நீள ஓட்டத்தையெல்லாம் முதல்ல வச்சு முடிச்சிடுறேன். தலைமை விருந்தாளி பதினொண்ணுக்குத்தான் வருவார். வந்து ஓடினவங்களுக்குக் கை குடுக்கட்டும்." சொல்லிக்கொண்டே மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஐந்து பேரிடம் காலங்காத்தால வசவு வாங்கினார்.

அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். போகும் வழியிலேயே அதிகாரிக்குச் சொல்லிவிட்டாள். அதிகாரி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார், தலை வாராமல்.

"விதியில இன்னைக்கே அறிவிக்க இடமில்ல" என்றார். "முந்தின நாள் மூணு மணிதான் கடைசி. யாரையும் மூடுன்னு உத்தரவு போட முடியாது."

"கேட்டுக்கலாமில்ல மேடம்? உத்தரவு வேண்டாம்."

"கேக்கலாம். நீங்களே கேளுங்க. நான் கேட்டா பயமுறுத்துறதா நினைப்பாங்க." கொஞ்சம் பொறுத்து, "நீங்க கேட்டா சிரிப்பாங்க. பரவாயில்ல, சிரிக்கிறவன் காது குடுக்குறான்" என்றார்.

முதலில் பெட்ரோல் பங்குகளின் சங்கச் செயலாளர். காலை லாரிகள் கிளம்பத் தயாராக இருந்தன. "சாயங்காலம் இறக்கினா ஓவர்டைம் யார் குடுப்பா? நீங்க குடுப்பீங்களா?" என்று எகிறினார். அவள் குடுக்க முடியாது என்றாள். பிறகு அவரே, இரண்டு டிரைவர்கள் வேலைக்கு வரவில்லை, எப்படியும் பாதி லாரி மதியத்துக்குமேல்தான் போகும் என்று முணுமுணுத்து, மீதியையும் நிறுத்தி வைக்க ஒத்துக்கொண்டார்.

அடுத்தது பெயிண்ட் பட்டறைக்காரர்களின் தலைவர். போன கோடையில் இரண்டு எச்சரிக்கை, இந்தக் கோடையில் இரண்டு, எல்லாவற்றுக்கும் வந்து மேசையைத் தட்டினவர்.

"நேத்துப் புலி ஊருலயே இல்லன்னீங்க. ராத்திரியோட ராத்திரியா பஸ் பிடிச்சு வந்துடுச்சா?"

"நேத்து நான் சொன்னது தப்புங்க."

மறுமுனையில் ஏதோ கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். பிறகு அது நின்றது. "தப்புன்னா?"

"காத்து வரும்னு நம்பினேன். வரல. நீங்க மூடணும்னு உத்தரவு இல்ல. மூடலன்னா கேஸ் இல்ல. நாலு மணி வரைக்கும் தின்னர் டப்பாவைத் திறக்காம இருந்தீங்கன்னா உதவியா இருக்கும். பட்டி பாருங்க, தேயுங்க, கழுவுங்க. ஸ்ப்ரே மட்டும் நாலு மணிக்கு மேல."

"என் ஒருத்தன் கடைன்னா சரி. நாப்பது கடைக்காரன் என் தலையைத் திம்பான்."

"கேட்டுப் பாருங்களேன்."

"கேக்குறேன். கேப்பாங்கன்னு சொல்லல." கடைசியில் இருபத்தி ஆறு கடைகள் டப்பாவைத் திறக்கவில்லை. மீதிப் பேர் திறந்தார்கள்.

தார் போடும் ஒப்பந்தக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அம்மா, தார் கொதிச்சுக்கிட்டு இருக்கு. இப்ப அதை என்ன பண்றது, எடுத்து வாயில ஊத்திக்கவா?" என்று போனை வைத்துவிட்டார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. முந்தின நாள் சொல்லியிருந்தால் அடுப்பே மூட்டியிருக்க மாட்டார்.

பத்து மணிக்குமேல் அவளுக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லை. திரையில் ஏழு கண்காணிப்பு நிலையங்களின் எண்களும் ஏறிக்கொண்டிருந்தன. ஆறு நிலையங்கள் ஏறி ஓர் இடத்தில் மூச்சு வாங்கின. ஏழாவது, நகரத்தின் புகை எல்லாம் மெல்ல ஒதுங்கிப் போகும் வடக்கு ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அது மட்டும் நிற்பேனா என்றது. அதிகாரி வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது அதிகாரி ஜன்னல் வழியாக மரத்தைப் பார்ப்பார். இலை அசையவில்லை.

தென்காற்று வந்தது, சாயங்காலம், எல்லாம் முடிந்த பிறகு. மேசைமேல் இருந்த காகிதங்களைத் தூக்கி வீசி ஆர்ப்பாட்டமாக வந்தது. வடக்கு நிலையத்தின் எட்டு மணி நேரச் சராசரி எழுபத்திரண்டில் நின்றது. தொழில்நுட்பப் பையன்கள் போய்க் கருவியைச் சோதித்தார்கள். கருவியில் ஒரு குறையும் இல்லை.

"நாலாவது" என்றார் அதிகாரி. நெற்றியிலிருந்த கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

வீட்டில் மாஸ்டர் கால்களை வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீள ஓட்டங்கள் எல்லாம் ஒன்பதரைக்குள் முடிந்துவிட்டன. ஒரு பள்ளியின் பேருந்து வந்து சேர்வதற்குள் மூவாயிரம் மீட்டர் ஓடி முடித்திருந்தார்கள். அந்தப் பள்ளி ஆசிரியர் சண்டைக்கு வந்துவிட்டார். அவர்களுக்காக அடுத்த வாரம் தனியாக ஓர் ஓட்டம் வைத்து, நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதாகச் சமாதானம். மதியத்துப் பந்தயங்களில் பாதியைக் காலைக்கு இழுத்து முடித்துவிட்டார்கள், மீதி ரத்து. தலைமை விருந்தாளி காலி மைதானத்தைப் பார்த்து, "எல்லாரும் எங்க ஓடிட்டாங்க?" என்றாராம்.

"நீ எத்தனாவதுடி?" என்று மகளைக் கேட்டாள்.

"அஞ்சாவது. தூக்கக் கலக்கத்துல கால் வரல." கொஞ்ச நேரம் கழித்து, "கலக்கம் இல்லன்னாலும் நாலாவதுதான் வந்திருப்பேன். அந்த மூணு பேரும் குதிரை" என்றாள்.

மாமனார் மட்டும் பால்கனியில் நின்றுகொண்டு, "காத்து வரும்னு சொன்னேனா இல்லையா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து நகர ஆணையர் கூட்டம் போட்டார். சாலைத்துறைப் பொறியாளர் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய புதுச் சுற்றுச் சாலை அந்த எழுபத்திரண்டில் மாட்டி நின்றுபோயிருந்தது. பட்டறைக்காரர்களின் தலைவரும் வந்திருந்தார். முந்தின நாள் எச்சரிக்கை ஏன் கொடுக்கவில்லை என்று ஆணையர் கேட்டார். அவள் எழுந்து, இரண்டு கணக்குகளையும் காற்றையும் சொன்னாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். அதிகாரி அதோடு உட்காரச் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்.

அவள் உட்காரவில்லை. "இன்னொண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு என் மகளுக்கு ஓட்டப் பந்தயம். அதை என் கணவர்தான் நடத்துறார். ரெண்டு தடவை என்னால நின்னுபோச்சு. முடிவு எடுக்கும்போது அது என் மனசுல இருந்துச்சு. அதனாலதான் தாண்டாதுன்னு சொன்னேன்னு சொல்ல மாட்டேன். அதனால இல்லன்னும் சொல்ல முடியல."

அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார். சாலைத்துறைப் பொறியாளர், "அப்ப ஒரு ஸ்கூல் பந்தயத்துக்காக என் ரோடு நிக்குது" என்றார்.

"இருக்கலாம் சார். எச்சரிக்கை குடுத்திருந்தா எழுபதுக்குக் கீழ நின்னிருக்குமான்னு தெரியாது. நின்னிருக்கலாம். அதனாலதான் கேக்குறேன். ஒரே ஆள் தனியா உக்காந்து இதை முடிவு பண்ணக் கூடாது. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஏதோ ஒரு பந்தயம் இருக்கும். ரெண்டு பேர் பாக்கணும், தனித்தனியா. அவங்களுக்குள்ள ஒத்துவரலன்னா எச்சரிக்கைதான்னு வச்சுக்கலாம். காலையில நிலைமை மாறினா அன்னைக்கே அறிவிக்கவும் விதி வேணும்."

"நாங்க காலையில எழுந்து கடை திறக்கலாமா வேணாமான்னு போனைப் பாத்துக்கிட்டு உக்காரணுமா?" என்று பட்டறைத் தலைவர் கேட்டார்.

"ஆமாங்க."

அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ஏழு மணிக்கு முன்னாடி சொல்லிடுங்க. ஏழரைக்கு என் பசங்க வந்துடுவாங்க, வந்தா கூலி குடுக்கணும்."

எழுத்தில் அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. அந்த வருஷத்துச் சம்பள உயர்வு நின்றது. மாஸ்டரிடம் சொன்னபோது, "கூட்டத்துல வீட்டுக் கதையை எதுக்கு இழுத்த?" என்று கேட்டார். "சொல்லாம விட்டா பாதி உண்மைதானே?" என்று அவள் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறு வாரம், பள்ளிப் பந்தயங்களை இனிக் கோடையில் வைப்பதே இல்லை என்று ஆறு பள்ளிகளிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். நகரம் பட்டியலுக்குப் போனது. தொடர்ந்து மூன்று கோடைகள் சுத்தமாக இருந்தால் வெளியே வரலாம் என்றார்கள்.

அடுத்த கோடைக்கு இரண்டாவது கணிப்பாளர் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், எதற்கெடுத்தாலும் எதிர்க்கட்சி. வந்த முதல் நாளே அவளுடைய நாற்காலி வெளிச்சத்துக்குத் தப்பான பக்கம் பார்த்து இருப்பதாகச் சொன்னார். இருவரும் தனித்தனி அறையில் கணக்குப் போட்டு, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதிகாரியின் மேசையில் சந்திப்பார்கள்.

"நாளைக்கு அறுபத்தி அஞ்சு" என்றாள் அவள் ஒரு நாள்.

"எழுபத்தி ஒண்ணு" என்றார் அவர்.

"மேகம் இருக்குங்க. படத்தைப் பாருங்க."

"பாத்தேன். அது உங்க மேகம். என் கணக்குல அது மலைக்கு அந்தப் பக்கம் நிக்குது."

"நின்னா?"

"நின்னா எழுபத்தி ஒண்ணு."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்துப் பட்டறைக்காரர்களின் தலைவருக்குச் சுழற்றினார். ஒத்துவரவில்லை என்றால் எச்சரிக்கை. விதி அப்படி. அவள் தன் அறைக்குத் திரும்பிப் போய், அந்த மேகம் ஏன் மலைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.